பூனாகலைப் பம்பரம்

‘பம்பர’ என்ற சிங்களச் சொல் துஷாந்தினி படித்த எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

உறுப்பினர் விமலசூரிய பேசி முடித்து உட்கார்ந்துவிட்டார். சபை முழுவதும் அவளுடைய ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பண்டாரவளைப் பக்கத்துப் பிரதேச சபை அது. சிங்களத்தில் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதைச் சிங்களத்திலும் உடனுக்குடன் சொல்வது அவள் வேலை. மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தபின் இதுதான் முதல் அமர்வு. இதில் தேறினால் தவிசாளர் மாரிசாமி நிரந்தர நியமனத்தில் கையெழுத்துப் போடுவார். தேறாவிட்டால் மன்னார் பஸ். அங்கே அம்மாவோ, மகள் பாராளுமன்றத்தில் பேசுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

போதாக்குறைக்கு, அவளுக்கு முன்பு இருந்தவர் மொழிபெயர்ப்பில் ஏதோ வில்லங்கம் பண்ணியதால் மாற்றப்பட்டவர் என்று அலுவலகத்தில் பேச்சு. என்ன வில்லங்கம் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்றார் ஒருவர். பஸ் தரிப்பிடத்தில் நாய்த்தொல்லை என்றார் இன்னொருவர். மயானத்துக்குப் போகும் பாதையில் பிணத்தைத் தூக்குகிறவர்களும் சேர்ந்து விழுகிறார்கள் என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் அவள் பிசகில்லாமல் சொன்னாள், தவிசாளரும் எல்லாருக்கும் பதில் கொடுத்தார். சிங்களத்தில் வந்த கேள்விகளுக்கு, அவள் தமிழில் முடிக்கும் முன்பே அவர் பதிலைத் தொடங்கிவிடுவார். அனுபவசாலி என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முன் செயலாளர் அருளம்பலம் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்திருந்தார். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். சபைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

“பிள்ளை, குளவிக் கதை மட்டும் வரப்படாது. மரம் தோட்டக் கம்பெனியின்ர. குளவி காட்டின்ர. சபையின்ர லொறிக்கு அதில ஒரு வேலையும் இல்லை. ஆராவது எடுத்தா நான் எழும்பி நிப்பாட்டிப் போடுவன்.”

“ஓம் சேர்” என்று சொல்லியிருந்தாள். பக்கத்தில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரெங்கம்மா ஒரு கோப்பையை ஓசையெழ வைத்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப்போன அவளுடைய மகள் குளவி கொட்டி, முகம் வீங்கி வைத்தியசாலையில் கிடந்தாள்.

இப்போது விமலசூரிய சொன்னதில் அவள் காதில் தெளிவாக விழுந்தது ‘பூனாகலே பம்பர வத’. பூனாகலை தெரியும். பம்பரம் தமிழில் இருக்கிறது. வதை என்பதும் இருக்கிறது. இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஏராளம் என்று அவளுடைய ஆசிரியர் சொல்வாரே. தைரியமாகப் பேசினாள்.

“கௌரவ தவிசாளர் அவர்களே, பூனாகலையில் பம்பர வதை தாங்க முடியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் வைத்தியசாலையில் இருக்கிறார்கள்.”

எதிர்வரிசையில் ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். தவிசாளர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு இருமினார். செயலாளர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பம்பரம் விட்டு ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதோ?”

துஷாந்தினி அவசரமாகத் தன் குறிப்பைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை. ஒரு விளக்கம் சேர்த்தால் பொருந்திவிடும் என்று தோன்றியது.

“கூரான ஆணி வைத்த பம்பரம்” என்றாள்.

விமலசூரிய மறுபடி எழுந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதில், இவை மரத்தின் மேலும் பாறையிலும் இருக்கின்றன, ஆட்கள் மேல் கூட்டமாகப் பாய்கின்றன என்பது அவளுக்கு விளங்கியது. மரத்தின் மேல் பம்பரம் எப்படி வரும்? யாராவது ஏறியிருக்க வேண்டும்.

“ஒரு கூட்டம் மரத்திலும் பாறையிலும் ஏறியிருந்து, கீழே போகிறவர்கள் மேல் பம்பரத்தை எறிகிறது” என்றாள்.

அடுத்து அவர் ‘தும்’ என்றார். தும் என்றால் புகை, அது பாடத்திலேயே இருந்தது. புகை போடாமல் இது தீராது என்பதுதான் அவர் சொன்னது. அவசரத்தில் அவள் வாயில் வந்தது வேறு.

“அங்கே புகைபிடிக்கவும் செய்கிறார்கள்.”

செயலாளர் மேசையைத் தட்டினார். பொதுப்பாதையில் ஆட்களுக்கு இடைஞ்சல், பொது இடத்தில் புகைபிடித்தல், இரண்டும் சபையின் அதிகாரத்துக்குள் அப்பட்டமாக வருகிறது என்று பிரிவும் உட்பிரிவும் சொல்லி முழங்கினார். இனி நிறுத்த முடியாது என்று துஷாந்தினிக்குத் தெரிந்துவிட்டது. விமலசூரியவோ நிறுத்துவதாக இல்லை. கடைசியாக ‘ரெஜின’ என்று ஒன்றைச் சொன்னார்.

“அந்தக் கூட்டத்துக்கு ராஜினி என்று ஒரு தலைவி இருக்கிறாளாம்” என்றாள் அவள், அழாக்குறையாக.

இப்போது சபையில் பாதிப்பேருக்கு இருமல். முன்வரிசைப் பெண் உறுப்பினர் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வைத்தியசாலையில் கிடக்கும் பெண்களை நினைத்து மனம் கலங்கிவிட்டார் போலும்.

“அந்த மனுசியத்தான் முதல்ல பிடிக்கவேணும்” என்றார் செயலாளர்.

தவிசாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்போ லொறி, ஏணி எல்லாம் வேணுமே. செயலாளர் ஐயா குடுப்பீங்களா?”

“தாராளமாக் குடுக்கிறன். இது எங்கட கடமை.”

தவிசாளர் எழுந்து நின்று நிதானமாக உத்தரவு போட்டார்.

“பூனாகலைப் பம்பரம் எல்லாத்தையும் இன்னிக்கே அப்புறப்படுத்தணும். மரத்துல இருக்கிறது, பாறையில இருக்கிறது, ஒண்ணையும் விடக்கூடாது. ராஜினியையும் சேத்துத்தான்.”

அதைச் சிங்களத்தில் சொல்லும்போது அவள் விமலசூரியவின் சொற்களையே திருப்பிப் போட்டாள். பம்பர வத, ரெஜின எல்லாம் அப்படியே. சிங்கள உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தமிழ் உறுப்பினர்கள் அதைவிடப் பலமாகத் தட்டினார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டு வெளியே ஓடினார். உத்தரவு சபைக் குறிப்பில் ஏறியது. செயலாளர் தன் கையாலேயே லொறிக்கு ஒப்பமிட்டார்.

தேநீர் இடைவேளையில் அவள் கைபேசியில் அகராதியைத் திறந்தாள். பம்பர என்றால் மலைக்குளவி. பம்பர வத என்றால் குளவிக்கூடு. ரெஜின என்றால் ராணி.

எந்தக் கதை வரக்கூடாது என்று செயலாளர் சொன்னாரோ, அதற்கு அவரையே ஒப்பமிட வைத்திருக்கிறாள். வேலை போனதுதான். ஆனாலும் மறைக்க மனம் வராமல் தவிசாளரின் அறைக்கு ஓடினாள்.

“ஐயா, பெரிய பிழை விட்டிட்டன். அது பம்பரம் இல்லை, குளவி.”

மாரிசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“லொறி போயிருச்சு மிஸ். பிழையச் சரிபண்ண அனுப்புறதுக்கு நம்மகிட்ட இன்னொரு லொறி இல்ல.”

அந்தி சாய்ந்ததும் பூனாகலையில் புகை எழுந்தது. கூடு எடுக்கத் தெரிந்த ஆட்கள் சபை லொறியிலேயே வந்து, ஏணி போட்டு, மரம் மரமாக, பாறை பாறையாக இறக்கினார்கள். எத்தனையோ கூட்டங்களில் கேட்டும் கிடைக்காத காரியம் ஒரே மாலையில் முடிந்தது. மறுநாள் காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, வந்த பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மரங்களை நிமிர்ந்து பார்க்கும் பயமில்லாமல் மலையேறினார்கள். போகிற வழியில் விமலசூரியவின் வீட்டு வாசலில் வெடி கொளுத்திவிட்டும் போனார்கள். செயலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ராஜினி கும்பல் ஒரேயடியாக ஓடிவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

துஷாந்தினியின் மேசையில் நியமனம் இருந்தது. நிரந்தரம், தவிசாளரின் கையெழுத்தோடு. அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

தேநீரோடு ரெங்கம்மா வந்தாள். மகளைக் காலையில் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டதில் முகம் மலர்ந்திருந்தது. வழக்கமான பிளேன்டீ இல்லை, பால் தேநீர். கூடவே ஒரு சீனிச் சம்பல் பணிஸ்.

“அக்கா, இவ்வளவு பிழை விட்ட எனக்கு வேலை தந்திருக்கினம். அப்ப எனக்கு முதல் இருந்தவர் என்ன பெரிய வில்லங்கம் செய்தவர்?”

ரெங்கம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

“இந்தச் சபையில சிங்களம் தெரியாதவரு செயலாளர் ஐயா ஒருத்தருதாங்க மிஸ். அவருகிட்டப் போயி, உங்களுக்கு முன்ன இருந்த மனுஷன் குளவின்னா குளவின்னே சொல்லிப்புடுவாரு.”