கார்ட்டூன் காக்காவும் நாலு கால் எறும்பும்

கடைக்கு வந்த ஆளிடம் "இது உனக்கு வேண்டாம், போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பெரிய வியாபாரம் நடந்துவிட்டதுபோல் பூரித்துப்போகிற மளிகைக்கடைக்காரர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் குவைத்தில், மங்காஃபில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். கடைப் பலகையில் கஃபீலின், அதாவது விசா கொடுத்த குவைத்திக்காரரின், பெயர். உள்ளே கார்ட்டூன் காக்காவின் ராஜ்யம். காயல்பட்டினத்துக்காரர், அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். கார்ட்டூன் என்பது நாங்கள் சேர்த்தது. பாஸ்போர்ட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கும். கேட்டால் அதற்கும் ஒரு படம் போட்டுக் காட்டுவார் என்று யாரும் கேட்டதில்லை.

கல்லாவுக்கு மேலே ஒரு டி.வி. மற்ற கடைகளில் கிரிக்கெட் ஓடும். இங்கே பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். உலகப் போர் நடந்தபோது வெளிநாட்டு அரசாங்கங்கள் ஜனங்களைச் சிக்கனமாக இருக்கச் சொல்லி, மிச்சம் பிடித்ததைப் போர்ச் சேமிப்பில் போடச் சொல்லி, பொம்மைப் படங்கள் எடுத்து தியேட்டரில் ஓட்டினார்களாம். அவற்றையெல்லாம் இணையத்தில் தோண்டி எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, காக்காவே தமிழில் வசனம் பேசுவார். படத்தில் யாரோ தலைதெறிக்க ஓடுவான். காக்கா நிதானமாக "அதாகப்பட்டது, லைட்டை அணைச்சுட்டுப் படு" என்பார்.

என் ரூம்மேட் செல்வம், பெரம்பலூர்க்காரன், ஒருநாள் போய் நின்றான்.

"காக்கா, பெரிய கோலா ஒண்ணு."

"எதுக்கு?"

"குடிக்கத்தான்."

"தண்ணி குடிச்சியா?"

"இல்ல."

"முதல்ல அதைக் குடி. அப்பவும் தாகம் இருந்தா வா. இந்தா, இந்தப் படத்தைப் பாத்துட்டுப் போ."

செல்வம் பக்கத்துக் கடையில் கோலா வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பி வந்து மீதிப் படத்தைப் பார்த்தான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் சமீபத்தில் பக்கத்து நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, வானத்தில் பறக்கக் கூடாததெல்லாம் பறக்க ஆரம்பித்தது. கப்பல் வராது, அரிசி வராது என்று ஆளுக்கு ஒரு செய்தி. காக்கா தன் மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டை எடுத்துத் துடைத்தார். சொந்தமாக ஒரு கார்ட்டூன் செய்து கட்டடத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். கதாநாயகன் ஒரு எறும்பு. நாலு கால்.

"காக்கா, எறும்புக்கு ஆறு கால்."

"ஆறையும் அசைக்க எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா? நாலு போதும். சிக்கனம்னு சொல்ல வந்த எறும்பு, அதுவே சிக்கனமா இருக்க வேணாமா?"

அதன் வாயும் திறக்காது. மீசை மட்டும் ஆடும். போர் என்ற சொல்லும் கிடையாது, எந்த நாட்டின் பெயரும் கிடையாது. வம்பு எதற்கு? "மழை வரும்போல இருக்கு. இன்னிக்குத் தேவையானதை மட்டும் வாங்கு. அடுத்த ஆளுக்கும் விட்டு வை" என்று மட்டும் சொல்லும்.

அடுத்த ஆள் யார் என்பதில் காக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கட்டுமான சைட்டில் வேலை முடிந்து, இருட்டிய பிறகு தொழிலாளர் கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்குகிற பையன்கள். அவர்கள் வருவதற்குள் அலமாரி காலியாகிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குச் சோறில்லை. அதனால் கடையில் சட்டம்: ஒரு வீட்டுக்கு ஒரு சின்னப் பை அரிசி. ஆச்சரியம் என்னவென்றால், எறும்பு சொன்னதால் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

அந்த எறும்பு நான்தான். குரலைச் சொல்கிறேன்.

எனக்குப் பயம் வந்தால் குரல் உச்சிக்குப் போய்விடும். ஒருமுறை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது நான் உள்ளேயிருந்து எழுப்பிய சத்தத்தைக் கட்டடமே கேட்டது. மற்றவர்கள் காப்பாற்ற ஓடி வந்தார்கள். காக்கா மட்டும் கதவில் காதை வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். "இந்தக் குரலை மறந்துராதே தம்பி, வேலை இருக்கு" என்றார். ஆக, 'பதறாதே' என்று மங்காஃபுக்கே தைரியம் சொன்ன அந்த எறும்பு, மாட்டிக்கொண்ட லிஃப்டில் பிறந்தது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ரிக்கார்டிங். முகம் தெரியாமலே புகழ் பெற்றுவிட்டேன். பெண்கள் தங்கள் கணவன்மாரை "எறும்பு சொன்னதைக் கேட்டீங்கள்ல?" என்று அதட்டினார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது. எச்சரிக்கைச் செய்தி. சில நிமிடத்தில் 'ஒன்றுமில்லை' என்று அடுத்த செய்தியும் வந்தது. நான் முதல் செய்தியோடு நின்றுவிட்டேன். ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிட்டேன்.

"பதறாதீங்க. அந்த எறும்பு என்ன சொல்லுது?"

"அது நான்தான்டி."

"தெரியும். யார் சொன்னாலும்தான் கேக்க மாட்டீங்க, நீங்க சொன்னதையாவது கேளுங்க."

கேட்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று டாக்ஸி பிடித்து ஃபஹாஹீலில் உள்ள ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வாயைத் திறந்தால்தானே எறும்பு? திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்லாப் பெண் "பேக் வேணுமா?" என்றாள், தலையாட்டினேன். டிராலியில் பெரிய அரிசி மூட்டைகள், எண்ணெய், மெழுகுவர்த்தி, தலைச் சாயம். தலைச் சாயம் எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டின் மீன் என்று அள்ளியது, அப்புறம் டாக்ஸியில் பார்த்தால் பூனைத் தீனி.

கல்லா வரிசையில் பின்னாலிருந்த ஒருவர், தன்னுடையது என்று நினைத்து, என் மூட்டை ஒன்றைத் தூக்கினார்.

"ஐயையோ, அது என்னுது, என்னுது, வைங்க."

சுத்தமான லிஃப்ட் குரல். வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கணவரின் முழங்கையைத் தட்டினார்.

"என்னங்க, நம்ம எறும்பு."

கணவர், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மூர்த்தி, என் டிராலியை மேலும் கீழும் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பயந்துவிட்டார். "எறும்பே மூட்டை கட்டுதுன்னா உள்ளுக்குள்ள ஏதோ விஷயம் இருக்கு" என்று போனை எடுத்தார்.

என் டாக்ஸியைவிட அந்தச் செய்தி வேகமாகப் போய்ச் சேர்ந்தது. நான் வந்து இறங்கியபோது காக்கா கடை முன்னால் கட்டடமே நின்றது. "எறும்புக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? எடுங்க காக்கா, மூட்டையோட எடுங்க." சிலர் உள்ளே புகுந்து அலமாரியிலிருந்து அவர்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். காக்கா கடைசியாக இருந்த அரிசி அடுக்கின் முன்னால் கையை விரித்து நின்றார். "பஸ் இன்னும் வரலப்பா, பஸ் வரலப்பா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைசாகத் திரும்பிப் போய்விடலாம் என்று டிரைவரிடம் "பாய், சலோ, சலோ" என்று கிசுகிசுத்தேன். அந்த நல்ல மனிதர் அதற்குள் டிக்கியைத் திறந்து மூட்டைகளை நடைபாதையில், கடைக்கு நேர் எதிரே, அழகாக அடுக்கத் தொடங்கிவிட்டார். "பாய், அவுர் பி ஹை" என்று, இன்னும் இருக்கிறதாம், ஊருக்கே கேட்கும்படி வேறு அறிவித்தார்.

கூட்டம் திரும்பியது. நான் பூமியைப் பார்த்தேன். குவைத்தில் பூமி பிளக்காது, எல்லாம் காங்கிரீட்.

காக்கா திட்டவில்லை. போனை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தம்பி, ரிக்கார்டிங்."

"இப்பவா? வசனம் எழுதலையே காக்கா."

"நடந்ததைச் சொல்லு. படத்தை நான் அப்புறம் வரைஞ்சுக்கிறேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"துண்டு வேணுமா?"

செல்வம் கூட்டத்திலிருந்து, "அண்ணே, சொல்லுங்க, இல்லன்னா இங்கேயே நிக்கணும்" என்றான்.

குரலை ஏற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை, பயத்தில் அது ஏற்கெனவே உச்சியில் இருந்தது. "நான்தான் எறும்பு. உங்களையெல்லாம் பதறாதேன்னு சொன்னேன். நான் பதறிட்டேன். எனக்கு ஒரு ரகசியமும் தெரியாது. மழை வருதா வரலையான்னும் தெரியாது. பயம், அவ்வளவுதான். மூட்டை மூட்டையா வாங்கிட்டேன். இதை வெச்சா என் புத்துக்குள்ள நான் கால் நீட்டிப் படுக்க முடியாது. பூனை இல்லாத வீட்டுக்குப் பூனைத் தீனி வாங்கியிருக்கேன்."

பூனைத் தீனியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் என்னைக் காப்பாற்றியது, அதுதான் என்னைக் கொன்றது. சூப்பர் மார்க்கெட் வரிசையை விட்டுவிட்டு எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த மூர்த்தியின் மனைவி முதலில் வந்து, கையிலிருந்த பையை அலமாரியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம். அப்புறம் ஒவ்வொருவராக. எல்லோரும் வைக்கவில்லை. இரண்டு பேர் பையோடு நழுவிவிட்டார்கள், அவர்களைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் என் மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தேன்.

"எப்படி காக்கா, இனிமே அந்த எறும்பை யார் நம்புவாங்க?"

"பயப்படாத எறும்பு மேலதான் தம்பி எனக்கே நம்பிக்கை இல்ல. நிறுக்கத் தெரியுமா? வா, இங்க நில்லு."

பஸ் வந்தது. தூசி படிந்த சட்டைகளோடு பையன்கள் வரிசையாக வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அரிசி அள்ளிக் கொடுத்தேன். ஒரு மூட்டை காலியானது, அடுத்ததும் காலியானது. பின்னால் நின்றவனுக்கும் கிடைத்தது. ஒருவன் மட்டும் என்னை உற்றுப் பார்த்துவிட்டு காக்காவிடம் கேட்டான்.

"காக்கா, கட்டடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்களே, அந்த எறும்பு இவருதானா?"

அந்த நிமிடம் 'இல்லை' என்று அவர் ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று இருந்தது. காக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவருதான். நம்ம ஆளு," என்றார், "உனக்கு ஒரு கை கூடவே அள்ளிப் போட்டிருக்காரு பாரு."