உண்டியலில் விழுந்த ரோமாபுரிக் காசு

பழங்காசு சேர்ப்பவர்களில் சிலர் கவனக்குறைவால் தொலைப்பார்கள். அளவுக்கு மீறிப் பத்திரப்படுத்தித் தொலைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ரோமாபுரிக் காசு என்றால் ரோமில் அடித்தது மட்டுமல்ல. அந்தப் பேரரசின் மாகாணங்களில் உள்ளூரிலேயே அடித்தவையும் உண்டு. அலெக்சாண்ட்ரியாவில் அடித்த அப்படியொரு வெண்கலக் காசு, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கழுகு, நான் அலையாய் அலைந்ததில் என் கைக்கு வந்தது. சேலம் நாணயக் கண்காட்சியில் அதை வைத்து எல்லோரையும் அசத்தப்போவதாக வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தும்விட்டேன் (யாரும் கேட்கவில்லை).

பொதிந்து வைக்க மெல்லிய பருத்தித் துணி வேண்டும். பூஜை அலமாரியில் மஞ்சள் துணி இருந்தது. அதிலேயே முடிந்து அங்கேயே வைத்தேன். சாமி அலமாரியில் யார் கைவைக்கப்போகிறார்கள்?

அம்மா வைத்தார். மஞ்சள் துணியில் காசு முடிந்தால் எங்கள் வீட்டில் அது வேண்டுதல் (எனக்கும் தெரியும்; அன்று மட்டும் மறந்துபோனது). என்னவென்று கேட்கக்கூடாதாம். கோயில் பக்கமே வராத மகன் வேலை கிடைக்க வேண்டிக்கொண்டான் என்று கண்கலங்கி, பரமத்தி வேலூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்.

பூசாரியிடம் ஓடினேன். வருஷத் திருவிழாவான நோம்பியன்று பங்காளிகள் எல்லோரும் கூடினால்தான் உண்டியல் திறக்கும் என்றார். அதற்குள் கண்காட்சியே முடிந்துவிட்டது.

நோம்பியன்று முதல் ஆளாகப் போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே வந்த பெரியப்பா, பச்சை பூத்த ஒரு காசைத் தூக்கிப் பிடித்தார்.

“எவன்டா சாமிக்குச் செல்லாக்காசு போட்டது?”

வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் காசு போகும்.

“என்னுதுங்க பெரியப்பா. ரோமாபுரிக் காசுங்க. திருப்பிக் குடுத்தீங்கன்னா...”

“போட்டதே செல்லாக்காசு. அதையுந் திருப்பிக் கேக்கறயா சாமி?”

கடைசியில் அம்மனிடமே பூக் கேட்பது என்று முடிவானது. அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் எனக்கு, இடப்பக்கம் விழுந்தால் கோயிலுக்கு. மற்றவர்களை மணிக்கணக்கில் காக்கவைக்கும் அம்மன், எனக்கு உடனே இடப்பக்கம் பூவைத் தள்ளிவிட்டாள்.

பெரியப்பா அந்தக் காசைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஆசாரியிடம் கொடுத்து ஓட்டை போட்டு (சரியாக ராஜாவின் மூக்கில்), மஞ்சள் கயிற்றில் கோத்து அம்மன் கழுத்தில் போடவைத்தார்.

இன்றும் நான் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “செல்லாக்காசு வந்துருச்சுங்க” என்று உள்ளே தகவல் போய்விடும். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள். நான் மட்டும் இமைக்காமல் அம்மன் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பக்கத்தில் நிற்பவர்களிடம் அம்மா சிரிக்காமல் சொல்வார்: “எம்பையனாட்டம் பக்தி யாருக்கும் வராதுங்க.”