பித்தளை நட் மீட்புக் குழு

உலகத்தில் எத்தனையோ எஞ்சின்களுக்குள் எத்தனையோ நட்டுகள் விழுந்திருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை வெறும் கவனக்குறைவால் விழுந்தவை. ஆகவே வரலாறு அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள ஒரு முற்றத்தில், சென்ற மாசி மாதச் சனிக்கிழமையொன்றில், காலை ஒன்பதேகாலுக்கு விழுந்த நட் மட்டும்தான் ஒரு தலைவரின் திருக்கரத்திலிருந்து, கமராவின் முன்னிலையில், முறைப்படி விழுந்தது.

அந்தத் தலைவர் யோசேப். 'பழம்பெரும் வாகனப் பேணுநர் கழக'த்தை நிறுவியவர். முப்பத்திரண்டு வருடங்கள் கோப்புகளிற் கையொப்பமிட்டு ஓய்வுபெற்றவர் என்பதால், இயந்திரங்களைப் பற்றிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. கழகத்தின் ஒரே சொத்து 1951ஆம் ஆண்டு ஒஸ்டின் கார். மறுநாள் நடக்கவிருந்த பழைய வாகன ஊர்வலத்தில் அது முன்னே போகவேண்டும்.

துருப்பிடித்த இரும்புக் குவியலாக வந்த அந்தக் காருக்கு உயிர் கொடுத்தவர் நௌபர். குறிஞ்சாக்கேணியிலிருந்து சனிக்கிழமை தோறும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவார். ஏழு வருடமாக அந்த எஞ்சினின் இருமல் எது, கொட்டாவி எது என்று அவருக்குத் தெரியும். அன்று காலை பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேட்டரைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தவரைத் தலைவர் தோளில் தட்டி விலக்கினார்.

"நீங்கள் கொஞ்சம் தள்ளி நிண்டு தேத்தண்ணி குடியுங்கோ நௌபர். 'தலைவர் களத்தில்' எண்டு ஒரு படம் போடவேணும்."

செயலாளர் மெலனி போனை உயர்த்தினாள். தலைவர் ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு சின்ன நட்டை எடுத்துப் புன்னகைத்தார். டிங். காபரேட்டரின் திறந்த வாய்க்குள் நட் போய்விட்டது.

நௌபர் கோப்பையைக் கீழே வைத்தார். "சேர், ஒண்டிலயும் கைவைக்காதீங்க. எஞ்சின் இன்னம் ஓடல்ல. நட் கீழ குழாய்க்குள்ளதான் கிடக்கும். பத்து நிமிசம் தாங்க, எடுத்தரலாம்."

"அவசரப்படாதேங்கோ. எப்பிடி விழுந்தது எண்டு முடிவெடுக்க முதல் எடுத்தால், பிறகு விழுந்ததுக்கே அத்தாட்சி இல்லாமல் போயிடும்."

இந்தத் தூரநோக்கு சாதாரண மனிதர்களுக்கு வாய்ப்பதில்லை. அரை மணித்தியாலத்தில் பதினொரு அங்கத்தவர்களும் பிளாஸ்டிக் கதிரைகளில் அமர்ந்துவிட்டார்கள். 'நட் மீட்பு மற்றும் விசாரணைக் குழு' உதயமாயிற்று. விசாரணை முடியும்வரை நௌபரைக் காரிலிருந்து ஆறடி தூரத்தில் நிறுத்துவதெனத் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று கேற்றுக்குள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு வேண்டிய ஆட்கணக்கு நிரம்பியிருப்பதைக் கண்டு திரும்பிப் போனது.

போன் கடை ஹஸ்மி, கழகத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்', பெரிய ஸ்பீக்கரொன்றின் காந்தத்தோடு வந்தார்.

"அது பித்தளை," என்றார் ஆறடி தூரத்திலிருந்து நௌபர். "காந்தத்தில ஒட்டாது."

"காந்தம் பாகுபாடு காட்டக்கூடாது," என்றார் தலைவர்.

காந்தம் தலைவரின் சாவிக்கொத்தை மீட்டது. நட்டை மீட்கவில்லை. ஹஸ்மி மனந்தளராமல் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிட்டு, போனைப் பார்த்து வாசித்தார்: "'அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை நாடவும்.'"

அங்கத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இந்த நேரத்தில அப்பிடி ஒரு ஆளை எங்க தேடுறது?" என்று தலைவர் கவலைப்பட்டார். நௌபர் ஆறடி தூரத்திலேயே நின்றார்.

கடைசியில் தலைவரே தீர்வு கண்டார். "ஸ்டார்ட் பண்ணுவம். புகையோட பின்னால வந்திடும்."

சாவியோடு அவர் காருக்குள் ஏறினார். நௌபர் ஆறடியையும் ஒரே பாய்ச்சலில் கடந்து பற்றரி வயரைப் பிடுங்கினார்.

"சேர், ஒருக்காச் சுத்தினாலும் அந்த நட் பிஸ்டனுக்கு மேல போயிரும். உள்ளுக்க எல்லாத்தையும் நொறுக்கிப் போடும். இதுக்கு இனி எங்க சாமான் எடுக்கிற?" ஏழு வருடங்களில் அவர் அங்கே சத்தமாகக் கதைத்தது அன்றுதான்.

"மெலனி, எழுதுங்கோ," என்றார் தலைவர். "'மெக்கானிக் ஆறடி விதியை மீறினார்.'"

மெலனி எழுதினாள். பிறகு புரியாணிப் பார்சல் வந்தது. இவ்வளவு நேரமாக அசையாத குழு, ஒரே மனதாக எழுந்து உள்ளே போனது. மெலனி மட்டும் போகவில்லை.

"நௌபர் நானா, டோர்ச் பிடிக்கவா?"

நௌபர் காபரேட்டரைக் கழற்றித் தூக்கினார். அவள் போன் வெளிச்சத்தில், குழாயின் வளைவில் நட் மின்னியது. சைக்கிள் கம்பியொன்றின் நுனியில் கிறீஸ் அப்பி, "பிஸ்மில்லாஹ்" என்று இறக்கினார். முதல் தடவை நட் வழுக்கி இன்னும் அரை அங்குலம் உள்ளே போனது. இரண்டாம் தடவை கம்பி மெல்ல மேலே வந்தபோது, அதன் நுனியில் நட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம். உள்ளே இறைச்சித் துண்டு பங்கிடுவது பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

பிற்பகல் அறிக்கை வெளியானது. நட் விழுந்ததற்குக் காரணம் புவியீர்ப்பு. துணைக் காரணம் எஞ்சினில் துவாரம் இருந்தமை. பொறுப்பாளி நௌபர், ஏனெனில் 'சம்பவ நேரத்தில் அவர் நட்டைக் கையில் பிடித்திருக்கவில்லை'. மீட்பு, 'தலைவரின் வழிகாட்டலில் நிகழ்ந்த கூட்டு முயற்சி'. இனிமேல் இத்தகைய அனர்த்தம் நிகழாதிருக்க, அந்தத் துவாரத்தை நிரந்தரமாக அடைத்துவிடவும் பரிந்துரைக்கப்பட்டது.

"அதாலதான் சேர் கார் மூச்செடுக்கிற," என்றார் நௌபர்.

பரிந்துரை கைகளை உயர்த்தி நிறைவேற்றப்பட்டது. அவரிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். முதற் பந்தியில் நன்றி, இரண்டாம் பந்தியில் இறுதி எச்சரிக்கை.

நௌபர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காபரேட்டரை மறுபடி பொருத்தி, நட்டைத் துடைத்து அதன் இடத்தில் பூட்டினார். காபரேட்டரின் வாயை அடைக்காமல் விட்டார். பற்றரி வயரை மாட்டி, எஞ்சினை ஒருதடவை இயக்கி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன் ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினார்.

"நாளைக்கு ஊர்வலத்துக்கு வரமாட்டீங்களா?" என்றாள் மெலனி.

"கார் ஓடும் மிஸ். எஞ்சினுக்குள்ள விழுந்தத எடுத்திட்டன். தலைவர் கதிரையில விழுந்து கிடக்கிறத எடுக்க என்னால ஏலா. கையுயர்த்தி அங்க வெச்ச நீங்கதான் எடுக்கோணும்."

ஊர்வலம் சிறப்பாக நடந்தது. தலைவர் கையசைத்தார். கடலோரம் முழுவதும் ஒஸ்டின் ஒருதடவைகூட இருமவில்லை. 'வாகன மீட்பர்' என்ற கேடயமும் தலைவருக்கே வழங்கப்பட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில், யாரும் வாசிக்காத சென்ற கூட்டக் குறிப்பு, வழக்கம்போல 'வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்டது'. அதன் கடைசி வரியில், மெலனி தன் அழகான கையெழுத்தில், கதிரையைப் பற்றி நௌபர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தாள். குறிப்பை ஏற்றுக்கொள்வோர் கையுயர்த்துமாறு கேட்கப்பட்டது.

பதினொரு கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது தலைவருடையது.