வாய் உடைந்த பானைக்கு ஒரு வாபஸ்

கொலைக் கேஸ் ஆசாமியோடு தனியறையில் உட்கார்ந்து வெற்றிலை போடத் தயங்காத சர்க்கார் வக்கீல்கள்கூட ஒரே ஒரு மனிதர் வருகிறார் என்று தெரிந்தால், வயிறு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வார்கள். அந்த மனிதர்தான் எங்கள் 'ஏன் சார்'. அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பளம் வாங்குகிற அன்று மட்டும் அதை உபயோகப்படுத்துவார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்துபோன புதிது. மதுவிலக்குக் காலம் வேறு. ஒவ்வொரு ஊர்க் கிரிமினல் கோர்ட்டிலும் சர்க்கார் வக்கீல் ஆபீஸ் இருக்கிறதே, அங்கே எந்தக் கேஸை நடத்துவது, எதைக் கைவிடுவது என்று எப்படித்தான் முடிவு செய்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய்க் கேட்டு வா என்று 'ஏன் சாரை' அனுப்பினார்கள். அவர் கேட்பதையும் மற்றவர்கள் திணறுவதையும் டைப் அடிக்க என்னை அனுப்பினார்கள்.

ஆறடி உயரம், மூடிய குடை மாதிரி உடம்பு. யார் என்ன பதில் சொன்னாலும் தலையைச் சற்றே சாய்த்து, "ஏன் சார்?" என்பார். அதட்டலும் கிடையாது, கிண்டலும் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் குரல். அதுதான் ஆளைக் கொல்லும். திருநின்றவூரில் ரயில் நின்றபோது டிக்கெட் பரிசோதகரிடம், "இந்த வண்டி ஏன் சார் தாமதம்?" என்று ஆரம்பித்தார். கடைசியில் அந்த மனிதர் தன் மாமனாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதை வரைக்கும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சர்வே செய்ய வந்தவன் எதையும் தொடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. "நாம கேட்க வந்தவங்க, கருத்துச் சொல்ல வந்தவங்க இல்லே" என்பார். எந்த ஆபீஸுக்குப் போகிறோமோ அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார மாட்டார், கடன்பட்டதாகிவிடுமாம். மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு கொண்டுவருவார். நான் பதிலைக் கேட்டுத் தலையாட்டினால்கூட, "ஆட்டாதீங்க, அவருக்குத் தைரியம் வந்துடும்" என்று காதோடு கடிந்துகொள்வார். திருவள்ளூர் ஆபீஸைச் சர்வே செய்தபோது திருவள்ளூரில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சாப்பிட ரயிலேறிக் கடம்பத்தூர் போனோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் எனக்கு மறுபடியும் பசித்துவிடும்.

இப்படிச் சுற்றிக்கொண்டே கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருந்த சர்க்கார் வக்கீல் குண்டான, சந்தோஷமான மனிதர். லீவு போடாமல் வாசலுக்கே வந்து எங்களை வரவேற்ற ஒரே சர்க்கார் வக்கீல் அவர்தான்.

"இந்த ஆபீஸ்லே ஒரு சாராயக் கேஸ்கூடத் தோத்ததில்லை. எல்லாரும் குற்றத்தை ஒத்துக்குவாங்க. சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீடு" என்றார்.

"எல்லாரும் ஏன் சார் ஒத்துக்கறாங்க?"

"இந்தப் பக்கத்து ஜனங்க நாணயமானவங்க."

"நாணயமானவங்க ஏன் சார் சாராயம் காய்ச்சறாங்க?"

சர்க்கார் வக்கீல் வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். அதற்குள் ஏட்டையா ஒருவர், அன்றைக்கு வரவேண்டிய கேஸின் தடயமான சாராயப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கோயில் தீர்த்தம் கொண்டுவருகிறவர் மாதிரி அதை மேஜைமேல் பதமாக இறக்கினார். பானையின் வாய் ஒரு பக்கம் உடைந்திருந்தது.

"இது ஏன் சார் உடைஞ்சிருக்கு?"

"அது போன கேஸுக்கு எட்தாரச்சொல்ல படியில இட்ச்சிக்கிச்சு சார்" என்றார் ஏட்டையா, வெகு இயல்பாக.

"போன கேஸா? இது இந்தக் கேஸுப் பானை இல்லியா?"

"எல்லா கேஸுக்கும் இதான் சார். மாசா மாசம் புச்சு வாங்கறதுக்கு யாரு நைனா டப்பு குடுக்கறது?"

சர்க்கார் வக்கீல் வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவாமலே வாயில் போட்டுக்கொண்டார். 'ஏன் சார்' எழுந்து வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

புளிய மரத்தடியில் அன்றைய குற்றவாளி கன்னியப்பனும் அவன் மனைவி முனியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான்.

"நீ ஏன்ப்பா சாராயம் காய்ச்சினே?"

"ஐயய்யே, நானு காச்சல சார். இந்த மாசம் எங்க ஊட்டு மொறை."

குப்பத்தில் யார் காய்ச்சினாலும், மாதம் ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆள் கோர்ட்டுக்கு வந்து குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதில்லையா, அது மாதிரி. அந்த ஒரு கேஸோடு போலீஸ் மற்ற வீடுகளை அந்த மாதம் எட்டிப் பார்க்காது. முறை வந்தவன் தவறினால் குப்பம் முழுக்கச் சோதனைதான்.

முனியம்மா பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தாள். "ரயில்வேல லைன் வேலைக்கு இந்தாள எட்த்துக்கினாங்க சார். வர்ற வாரம் சேரணும். கேஸு வியுந்தா வேல பூட்சி. பக்கத்து ஊட்டாண்ட போயி, மொறைய மாத்திக்கலாம் வாய்யான்னு கெஞ்சனேன். ஆடி மாசத்துல ஜெயிலுக்குப் போனா குடும்பத்துக்கு ஆவாதுன்றான் அந்தப் பேமானி!"

"மாட்டேன்னு சொல்றதுதானே? ஏன் வந்தே?" என்று கன்னியப்பனைக் கேட்டார்.

"ஊருக்கு வாக்கு குட்த்துட்டேனே சார்" என்றான் அவன். முகத்தில் வருத்தமிருந்தது, ஆனால் குரலில் தடுமாற்றமே இல்லை. தோளில் இருந்த துண்டை மட்டும் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான்.

'ஏன் சார்' ஆபீஸுக்குத் திரும்பி நடந்தார். இவர் இத்தனை நேரம் கேள்வி கேட்காமல் நடந்து நான் பார்த்ததில்லை.

"சார், நீங்க எப்பவாவது ஒரு கேஸை வாபஸ் வாங்கினது உண்டா?" என்று சர்க்கார் வக்கீலைக் கேட்டார்.

"வாபஸா? இந்த ஆபீஸ்லே அந்த வழக்கமே கிடையாது."

"ஏன் சார்?"

"யாரும் கேட்டதில்லை."

'ஏன் சார்' தன் ஸ்டூலை மடக்கிச் சுவரில் சாய்த்தார். சர்க்கார் வக்கீலின் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையில் எங்களுக்காக வைத்து ஆறிப்போயிருந்த ஆபீஸ் காபியை எடுத்து மடக்மடக்கென்று குடித்தார்.

"நான் கேட்கிறேன்" என்றார்.

சர்க்கார் வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "சர்வேக்கு வந்தவர் கேஸ்லே தலையிட்டார்னு நான் மேலே எழுதவேண்டியிருக்கும். உங்க வேலைக்கே ஆபத்து சார்."

"எழுதுங்க. ஆனா முதல்லே வாபஸ் மனுவை எழுதுங்க. பானை இந்தக் கேஸோடது இல்லைன்னு காரணம் போடுங்க, அது போதும்."

சிரமம் என்னவென்றால், பாவம், அந்த மனிதருக்கு வாபஸ் மனு எழுதத் தெரியாது. அத்தனை வருஷ சர்வீஸில் ஒன்றுகூட எழுதியதில்லை. 'ஏன் சார்' சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கேஸைக் கூப்பிடும் குரல் கேட்டுவிட்டது. மெஷினிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டு மூன்று பேரும் ஓடினோம்.

மாஜிஸ்திரேட் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். "உமக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?" என்று சர்க்கார் வக்கீலைக் கேட்டார். பானை விவரத்தைச் சொன்னதும் அதை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பழகிய முகமாகத் தோன்றியிருக்க வேண்டும். வாபஸுக்கு அனுமதி கொடுத்து, "நீ போகலாம்" என்றார்.

கன்னியப்பன் போகவில்லை. "சாமி, நானு குத்தத்த ஒத்துக்கறேன் சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"கேஸே இல்லைப்பா."

"இல்லாட்டி போவுது சாமி, நானு ஒத்துக்கறேன். எயுதிக்க!"

"யோவ், கம்முனு வெளிய வாய்யா!" என்று வாசலிலிருந்து முனியம்மா போட்ட கூச்சலில் மாஜிஸ்திரேட்டே எழுந்துவிட்டார். கோர்ட் டவாலியும் ஏட்டையாவும் கன்னியப்பனை ஆளுக்கொரு தோளாகப் பிடித்து விடுதலைக்குள் தள்ளவேண்டியதாயிற்று.

சர்க்கார் வக்கீல் சொன்னபடியே மேலே எழுதினார். 'ஏன் சாரிடம்' விளக்கம் கேட்டார்கள். ஆம், தலையிட்டேன் என்று ஒரே வரியில் பதில் கொடுத்தார். சர்வேயை நிறுத்தி, அவரைப் பேனா, காகிதம் வாங்கி வைக்கும் இலாகாவுக்குத் தூக்கிப் போட்டார்கள். நாங்கள் ஊர் ஊராக அலைந்ததன் பலனாக ஒரே ஒரு உத்தரவு வந்தது. இனி ஒவ்வொரு கேஸுக்கும் தனிப் பானை வைக்க வேண்டும். குயவர்களுக்கு நல்ல காலம்.

அடுத்த வருஷம் வேறு வேலையாகக் கும்மிடிப்பூண்டி தாண்டி ரயிலில் போனேன். தண்டவாளத்தில் வேலை நடந்ததால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி நின்ற ஆட்களில் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலோடு ஓடி வந்தான். கன்னியப்பன். சதை போட்டிருந்தான்.

"ஒசரமா ஒரு சார் வந்தாரே, அவரு வர்லியா?"

"வேற ஆபீஸுக்கு மாத்திட்டாங்கப்பா."

"எங்களாலயா சார்?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டி வேகம் பிடித்தது. மெட்ராஸ் திரும்பியதும் 'ஏன் சார்' இருந்த இலாகாவுக்கு நேரே போய், கன்னியப்பன் வேலையில் இருக்கிறான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரிய, ஒரு குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, எத்தனையோ பெரிய அதிகாரிகளிடம் வேலை செய்தும் வேறு ஒருவரிடமும் எனக்கு அப்படி மனசு ஒட்டவில்லை.