நூர்ஜஹான் டீச்சருக்கு நான் நடத்திய பாராட்டு விழா

கையில் மைக் கிடைத்தால் எந்தப் பிரச்சினையையும் பேசியே தீர்த்துவிடலாம் என்று நம்பும் ஆண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கள் ஊர் தலத்தெருவில் என்னைத் தவிர இன்னும் ஒன்பது பேர்.

பேங்கிலிருந்து ஓய்வு பெற்றதும், சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. டீச்சர்கள்தான் நிலைக்கவில்லை. ஒருவர் கல்யாணமாகி துபாய் போனார். இன்னொருவர் வேறு பள்ளிக்கு மாறிக்கொண்டார். எல்லாக் குழந்தைகளும் நூர்ஜஹான் டீச்சர் தலையில் விழுந்தார்கள். அவரும் நாகப்பட்டினத்தில் வேறு வேலை தேடி வைத்திருப்பதாக ஒரு நாள் சொன்னார். அவர் போனால் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான்.

நன்றாக யோசித்து, பாராட்டு விழா வைத்தேன். (இதில் யோசனை எங்கே வந்தது என்பது என் மனைவியின் சந்தேகம்.)

குழந்தைகளை ஹாலில் உட்காரவைத்து, டீச்சருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தேன். டீச்சர்கள் தெய்வங்கள் என்று ஆரம்பித்ததுமே மைக் கொய்ங்கென்று அலறியது. சத்தமே ஆகாத அருள் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். ஒருத்தி மேஜைக்கு அடியில் புகுந்தாள். ஒருவன் கேட்டைப் பார்த்து ஓடினான். நான் என்ன செய்தேன்? மைக்கிலேயே "அமைதி, அமைதி" என்று கத்தினேன். (அன்றைய என் பேச்சு பொறுமையைப் பற்றி.)

டீச்சர்தான் ஒயரைப் பிடுங்கினார். ஓடியவனைக் கூட்டிவந்தார். பொன்னாடையை அருளைச் சுற்றி இறுக்கிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். அழுகை மெல்ல அடங்கியதும் அவனை என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் புடிச்சுக்குங்க சார். காலையிலேர்ந்து நான் பாத்ரூமே போகல" என்றார்.

அவர் திரும்பி வருவதற்குள் என் மூக்குக்கண்ணாடி ஒரு காலை இழந்திருந்தது.

"தெய்வம்னீங்க. தெய்வத்துக்கே நடை சாத்துற நேரம்னு ஒண்ணு இருக்கு சார். உதவிக்கு ஒரு ஆள் போட்டுக் குடுங்க, நான் எங்கயும் போகல" என்றார், குரலை உயர்த்தாமல்.

அடுத்த வாரமே குரும்பகரத்திலிருந்து ஓர் அம்மா உதவிக்கு வந்தார். டீச்சர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்.

வீட்டில்தான் எனக்கு விடிவில்லை. சாப்பிட்டு முடித்து, மீன் குழம்பு பிரமாதம் என்று வாயைத் திறந்தால் போதும், மனைவி மகளைப் பார்த்துச் சொல்வாள்:

"அப்பா விழாவை ஆரம்பிச்சிட்டாரு. முதல்ல அந்தத் தட்டைக் கழுவச் சொல்லு."