கமராவுக்கு நெற்றி எது?

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கதவின் பார்வைத் துளையில் முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு ஹெல்மெட். அதற்குக் கீழே ஒரு இளைஞர், அவர் கையில் சப்பாத்துப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொதி. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. படியேறி வந்த மூச்சோடு அவர் என் பெயரைச் சரியாகவும் முகவரியைப் பிழையாகவும் வாசித்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் தரலாமா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"சல்லி தீலா தமய் அரின்ன புளுவன், மஹத்தயா," என்றார். காசைக் கொடுத்த பிறகுதான் திறக்கலாமாம். அவர் முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை. எல்லாக் கதவிலும் இதே கேள்வியைக் கேட்டு அலுத்தவரின் களைப்பு மட்டும் இருந்தது. கொடுத்தேன்.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணை ஆசிரியர். அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பது என் தொழில். அதற்கு முந்தைய வாரம், இணையத்தில் மலிவாகப் பொருள் வாங்கி ஏமாந்த ஒருவரைப் பற்றிய செய்திக்குத் தலைப்புப் போட்டவன் நானே. (நல்ல தலைப்பு. படித்தவர்கள் பாராட்டினார்கள்.)

கமரா வாங்க வேண்டி வந்த கதை கொட்டாஞ்சேனையில் தொடங்குகிறது. என் மனைவி ஜெசிந்தாவின் தாய்வீடு அங்கே. மறுநாள் ஞாயிறு, அவளுடைய அக்கா மகள் மிஷெலுக்கு முதல் நன்மை, அதாவது பிள்ளை முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காக ஜெசிந்தாவின் தம்பி ரெஜி கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தான். ஞாயிறு இரவே அவனுக்குத் திரும்பிப் போக விமானம்.

மாமிக்கு, அதாவது ஜெசிந்தாவின் அம்மாவுக்கு, பேத்தியின் வெள்ளை உடுப்பைவிட, கேக்கைவிட, ஒரு ஆசை பெரிதாக இருந்தது. தன் மூன்று பிள்ளைகளும் ஒன்றாக நிற்கிற ஒரு குடும்பப் படம் வேண்டும்.

ஒரு படம் அந்த வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருந்தது. அதில் ரெஜி இல்லை, ரெஜியின் தலை மட்டும் இருந்தது. அதே தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பெனடிக், ரெஜியின் பாஸ்போட் படத்திலிருந்து தலையை எடுத்து, யாருடையதோ கோட்டுக்கு மேல் வைத்து, குடும்பத்தின் வலப்பக்க ஓரத்தில் சேர்த்திருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இது வழக்கம்தான், யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. மற்றவர்கள் எல்லோரும் கொட்டாஞ்சேனை வெளிச்சத்தில் நிற்க, ரெஜி மட்டும் பல் வைத்தியரின் கதிரையில் இருப்பதுபோல் தெரிவான்.

"இது போலிப் படம், மாமி," என்று நான் ஒருநாள் சொன்னேன். "பேப்பரில இப்பிடிப் போட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம்." யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை. "இந்தமுறை பெனடிக் வேண்டாம். நான் எடுக்கிறன்."

"உங்களுக்கிட்ட கமரா இருக்கா மகன்?" என்று மாமி கேட்டார்.

"வாங்கப் போறன்."

மாமி அன்று பின்னேரமே பெனடிக்கிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், மருமகன் பத்திரிகைக்காரர், அவரே எடுக்கிறார் என்று சொல்லிவிட்டார். பெருமையாகத்தான் சொன்னாராம்.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விலை கேட்டேன். விற்பனையாளர் முதலில் கதிரையில் இருக்கச் சொன்னார். விலையைக் கேட்டதும் ஏன் இருக்கச் சொன்னார் என்று விளங்கியது. அதே கமரா ஓர் இணையக் கடையில் பாதி விலைக்கு இருந்தது. மெமரி கார்ட், பை, துடைக்கும் துணி எல்லாம் இலவசம். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தன. என் வாசிப்பில் அது ஒரு நடைக் குறைபாடாக மட்டுமே பட்டது.

"அத்தான், பாதி விலைக்கு முழுக் கமரா குடுப்பானுகளா?" என்று ரெஜி கேட்டான்.

"நான் செக் பண்ணித்தான் ஓடர் குடுத்தனான்."

"சரி, நீங்க படிச்ச ஆள்," என்றான். அதில் கேலி இருந்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். பொதியோடு நான் திரும்பியபோது என் அம்மா கூடத்தில் நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு வந்து இருக்கிறவர். நாட்காட்டியில்லாமலே நாளின் நல்லது கெட்டது சொல்வார்.

"தம்பி, ராகு காலம். பத்தரைக்குப் பிறகு பிரி."

"அம்மா, இது கமரா."

"கமராவெண்டால் ராகு காலம் இல்லையே?"

பத்தரை வரை பெட்டி சாமிப் படங்களுக்கு முன்னால் இருந்தது. அதற்குள் ரெஜி வந்துவிட்டான். கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி அவனிடம் ஒரு சின்னப் போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தார். கோயிலில் பாதர் ஆசீர்வதித்த தண்ணீர். புதுக் கமராவுக்குத் தெளித்துவிட்டுத்தான் நாளைக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

பெட்டியின் மேல் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும், அது இல்லாமல் எந்த முறைப்பாடும் ஏற்கப்படாது. இந்த இடத்தில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. திகதிக்கு ஆதாரமாக அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். (ஆட்களைக் கடத்தி வைத்திருப்பவர்கள் அனுப்பும் படம்போல இருக்கிறது என்றாள் ஜெசிந்தா.) பால்கனி வெளிச்சம் விழும் பக்கமாக எல்லோரையும் நிற்க வைத்தேன். என் போனில் பதிவை அழுத்தினேன். ஒரு நொடிகூட நிறுத்தவில்லை.

அந்த வீடியோவில் கமரா வெளியே வருகிறது. வந்ததும் அம்மாவின் கை சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வருகிறது. அங்கேயே நிற்கிறது.

"தம்பி, இதுக்கு நெத்தி எது?"

யாருக்கும் தெரியவில்லை. கமராவின் கண் எது என்று எல்லோருக்கும் தெரியும், நெற்றியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. ரெஜி மேலே துருத்திக்கொண்டிருந்த பகுதியைக் காட்டி, "இதுதான் அன்ரி," என்றான். அம்மா அங்கே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். திருப்தியில்லை. கண்ணூறு படாமல் லென்ஸின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தார்.

"இனி நீர் தண்ணியைத் தெளியும், தம்பி," என்று ரெஜிக்கு வழிவிட்டார்.

"இல்லை அன்ரி, நீங்க முடிங்க."

"நான் முடிச்சிட்டன்."

"லென்ஸில படாமல் ரெஜி," என்று ஜெசிந்தாவின் குரல் கேட்கிறது. ரெஜி சிரித்துக்கொண்டு, போனை நேரே பார்த்து, வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, போத்தலை ஒருதரம் உதறுகிறான். போத்தலின் வாய் அவன் நினைத்ததைவிடப் பெரியது.

துணியும் இலவசமாக வந்திருந்ததால் துடைத்தோம். கமரா வேலை செய்தது. கையைப் பழக்க நான் சில படங்கள் எடுத்தேன். மின்விசிறி. எதிர்மாடியில் காய்ந்த உடுப்புகள். கேத்தல். மறுபடியும் மின்விசிறி. திரையில் எல்லாம் துல்லியமாக இருந்தன. அம்மா கைகூப்பினார்.

ஞாயிறு காலை, பூசையின்போது யாரும் போனில் படம் எடுக்க வேண்டாம், ஒரு வீட்டுக்கு ஒரு படப்பிடிப்பாளர் போதும் என்று பாதர் சொன்னார். எங்கள் வீட்டுக்கு அது நான். நற்கருணை வாங்க மிஷெல் நாக்கை நீட்டியதை எடுத்தேன். மாமி கண்ணைத் துடைத்ததை எடுத்தேன். பிறகு வீட்டு முற்றத்தில் அந்தக் குடும்பப் படம். மாமி நடுவில், மூன்று பிள்ளைகளும் சுற்றி, மிஷெல் முன்னால். உறவுக்காரர் நாலைந்து பேர் போனைத் தூக்கினார்கள்.

"போனையெல்லாம் கீழ வையுங்கோ," என்று நான் சத்தமிட்டேன். "ஆளுக்கொரு பக்கம் பார்த்தால் கண் சிதறும். எல்லாரும் என்னைப் பாருங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதினைந்து தடவை எடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு வினாடி படம் தோன்றி மறைந்தது. வீதியில் பெனடிக் ஸ்டூடியோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தேன். அவரும் அசைத்தார்.

அன்று இரவு ரெஜி போய்விட்டான்.

திங்கள் காலை கார்டைக் கணினியில் போட்டேன். மின்விசிறி வந்தது. உடுப்புகள் வந்தன. கேத்தல் வந்தது. மறுபடியும் மின்விசிறி. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சாம்பல் நிறச் சதுரங்கள். மிஷெலின் நாக்கு ஒரு சாம்பல் சதுரம். மாமியின் கண்ணீர் ஒரு சாம்பல் சதுரம். குடும்பப் படம், பதினைந்தும், ஒன்றுபோலச் சாம்பல். அலுவலகத்துக் கணினிக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு, மேலே எழுதியிருக்கும் கொள்ளளவு பொய், உள்ளே ஒரு சிறு பங்குதான் இடம் இருக்கிறது, நிறைந்த பிறகு எடுப்பது எதுவும் தங்காது என்றார். மின்விசிறிக்கு இடம் இருந்திருக்கிறது.

மாமிக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். மாமி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒண்ணுமே வரல்லயா மகன்?"

"மின்விசிறி வந்திருக்கு, மாமி." ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அது பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு மாமி போனை வைத்தார். பரவாயில்லாதது எது என்று அவர் சொல்லவில்லை.

என்னிடம் வீடியோ இருந்தது. இடைவெட்டில்லாத, திகதி தெரிகிற, முறைப்படி எடுத்த வீடியோ. இணையக் கடைக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது:

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வீடியோவை முழுமையாகப் பார்த்தோம். முதலில் ஒரு பெண்மணி பொருளின் மீது மஞ்சள் நிறக் குழம்பு பூசுகிறார். பின்னர் ஓர் ஆண் அதன் மீது திரவம் ஊற்றுகிறார். திரவம் பட்ட பொருட்களுக்கும் உடன் வந்தவற்றுக்கும் உத்தரவாதம் இல்லை. உங்கள் வீடியோ மிகத் தெளிவாக இருந்தது. நன்றி. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குவீர்களா?"

கார்டின் கொள்ளளவு பற்றி நான் எழுதிய இரண்டு பந்திகளுக்கும் பதில் இல்லை. வீட்டில் வேறு விவாதம் தொடங்கியிருந்தது.

"தண்ணி தெளிச்சது அந்தப் பக்கம்," என்றார் அம்மா. "சந்தனம் உலர்ந்த சாமான்."

"சந்தனத்தை எதில மாமி குழைச்சனீங்கள்?" என்று ஜெசிந்தா அம்மாவிடம் கேட்டாள்.

"அது பன்னீர்."

இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தன. நான் வேலைக்குப் போனேன்.

கடைசியில் பெனடிக்கிடம்தான் போக வேண்டியிருந்தது. மாமியும் நானும் போனோம். அவர் எழும்பி இரண்டு கதிரை போட்டார்.

"போலிப் படம் செய்றல்லதானே சேர் நீங்க?" என்று என்னிடம் கேட்டார். மருமகன் பற்றி மாமி எல்லாமே சொல்லியிருக்கிறார்.

"இந்தமுறை மட்டும்," என்றேன்.

"அப்ப ரெஜி தம்பிட நல்ல படம் ஒண்ணு குடுங்க. பாஸ்போட் படம் வேணாம், அம்மாவுக்கு அது அலுத்துப்போச்சு."

உறவினர்களின் போன்களைத் தேடினோம். மதியச் சாப்பாட்டுப் படங்களில் ரெஜி நிறைய இருந்தான். முழங்கையாக இருந்தான், முதுகாக இருந்தான், வாயில் கட்லட்டோடு இருந்தான். முற்றத்தில் நின்ற படம் எவரிடமும் இல்லை. எல்லோரும் நான் சொன்னபடி போனைக் கீழே வைத்திருந்தார்கள்.

"நேரா நிக்கிற ஒண்ணு வேணும் சேர். முன்னால வெளிச்சம் விழணும், சிரிக்கணும்," என்றார் பெனடிக்.

அப்படி ஒன்று இருந்தது. என் போனில் இருந்தது. வீடியோவை ஓடவிட்டு, ரெஜி நேரே பார்த்துச் சிரிக்கும் இடத்தில் நிறுத்திக் கொடுத்தேன்.

பெனடிக் நெடுநேரம் பார்த்தார். "வெளிச்சம் நல்லா வெச்சிருக்கீங்க சேர். ஆனா கை மேல இருக்கு. போத்தலும் இருக்கு. கைய எடுத்தா தோளும் போயிரும்."

"கை இருக்கட்டும்," என்றார் மாமி. "என்ட பிள்ளைட கைதானே."

மற்றவர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே உடுப்புகளை மறுபடி உடுத்துக்கொண்டு ஸ்டூடியோவில் போய் நின்றோம். பெனடிக் ரெஜியை வலப்பக்க ஓரத்தில் சேர்த்தார். இந்தமுறை கழுத்தும் சட்டையும் அவனுடைய சொந்தம். நான் மிஷெலுக்குப் பின்னால் நிற்கிறேன், பெனடிக்கைப் பார்க்கச் சொன்னதால் பெனடிக்கைப் பார்க்கிறேன்.

அந்தக் கமரா இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது, வேறு கார்டோடு நன்றாகவே வேலை செய்கிறது. அதில் படம் எடுக்கச் சொல்லி என்னை யாரும் கேட்பதில்லை. ஜெசிந்தாவின் அக்கா வீட்டுக்குப் புதிய ஃபிரிட்ஜ் வந்தபோது என்னை அழைத்தார்கள். "வீடியோவுக்கு ஆள் வந்தாச்சு, இதுக்கு நெத்தி எதுண்டு கேளுங்க," என்று வாசலிலேயே சிரிப்பு. கட்டாரிலிருந்து வீடியோ அழைப்பில் ரெஜியும் கையை உயர்த்திக் காட்டினான். மின்விசிறியைப் பார்த்து, "வடிவா வந்திருக்கு," என்று சொல்வதை மிஷெல் இன்னும் விடவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டுச் சுவரில் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறார்கள். அதில் ரெஜி வலது கையை உயர்த்தி, ஒரு சின்னப் போத்தலோடு, எல்லோருக்கும் மேலாகத் தண்ணீர் தெளிக்கப் போகிறவனாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அதற்குப் பிறகு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.