ரிப்பீட் அண்ணனின் தொண்டை

மும்பையில் சத்தம் போடாமலே வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் ரிப்பீட் அண்ணன்தான். ஹார்ன் அடிக்காத ரிக்‌ஷாவைக்கூட இந்த ஊரில் பார்த்துவிடலாம். அவர் குரலை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை.

அவருக்கு விமான நிலைய டவரில் வேலை. எந்த உயரத்தில் வா, எந்த ஓடுபாதையில் இறங்கு என்று விமானிகளுக்கு மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னதை விமானி பிசகாமல் திருப்பிச் சொன்னால்தான் விடுவார்கள். அங்கே அது சட்டம். அண்ணன் அந்தச் சட்டத்தைச் செம்பூரில் நாங்கள் இருவரும் அறைத்தோழர்களாக வாடகைக்கு இருந்த வீட்டுக்கும், வாசலில் நிற்கும் காய்கறி வண்டிக்கும் சேர்த்தே அமல்படுத்திவிட்டார்.

"பையா, பிண்டி ஆதா கிலோ. முத்தல் வேண்டாம். திருப்பிச் சொல்லு."

"பிண்டி ஆதா கிலோ, முத்தல் நஹி," என்பார் வண்டிக்காரர், அரை கிலோ வெண்டைக்காயை நிறுத்தபடி. மூன்றே மாதத்தில் 'முத்தல்' எங்கள் தெருவில் இந்தி வார்த்தையாகிவிட்டது.

தொண்டையைக் கைக்குழந்தை மாதிரிதான் வளர்த்தார். ஐஸ் கிடையாது, ஊறுகாய் கிடையாது. கனைப்பு வந்தால் கனைக்காமல் ஒரு மிடறு வெந்நீர். கிசுகிசுப்பாகக்கூடப் பேச மாட்டார். "ரகசியம் பேசுறது கத்துறத விட மோசம்லே, தொண்டை இழுத்துக்கிடும்," என்பார். ஆகவே வீட்டுக்கார கோமதி மாமியைப் பற்றி வம்பு பேசுவதானால் முழுக் குரலில்தான் பேச வேண்டும். மாமி குடியிருந்தது சரியாக எங்கள் தரைக்குக் கீழே.

காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று ராகம் இழுத்துக் குமிழி விடுவார். குரலுக்குப் பயிற்சியாம். 'தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் கவனிக்க' என்று மாமி மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டினார். ஒருநாள் சத்தம் வந்த வழியே படியேறி எங்கள் கதவையும் தட்டிவிட்டார்.

"ஏண்டா, மோட்டார் நீதானா? நான் பிளம்பரை வரச் சொல்லிட்டேனே."

அண்ணன் கடைசிக் குமிழியை நிதானமாக முடித்தார். "பிளம்பர் வேண்டாம்னு சொல்லிருங்க மாமி. திருப்பிச் சொல்லுங்க."

"பிளம்பர் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிய மாமிக்குப் பாதிப் படியில்தான் கோபம் வந்தது. அந்தக் குரலின் பிடி அப்படி.

இப்படிச் சேர்த்து வைத்த குரலையெல்லாம் அவர் ஒரே வார்த்தையில் செலவழித்தார். காரணம் நான். செம்பூரை அடுத்த சுனாபட்டியில் அண்ணனுக்கு முன்னால் நடந்து, போனில் டைப் அடித்துக்கொண்டே ரோட்டைக் கடந்தேன். தண்ணீர் டேங்கர் ஒன்று ரிவர்ஸில் வந்தது.

"நில்லுலே!"

நான் நின்றேன். டேங்கர் நின்றது. எதிரே கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசித்தவர்கள் நின்றார்கள், மாப்பிள்ளையின் குதிரையும் நின்றது. டேங்கருக்கும் என் மூக்குக்கும் நடுவே ஒரு சாண்.

அண்ணன் அடுத்து ஏதோ திட்ட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

குரல் நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். ஏழு நாள் ஒரு சொல் பேசக்கூடாது. ஆறினால் மைக். தழும்பு விழுந்தால் டவரை மறந்துவிட வேண்டியதுதான். அண்ணன் என்னைப் பார்த்து விரலால் வட்டம் போட்டார். திருப்பிச் சொல் என்று அர்த்தம். சொன்னேன். 'டவரை மறந்துவிட' என்ற இடத்தை மட்டும் தாண்டிப் போனேன்.

ஏழு நாளும் அவருக்கு வாயாக இருந்தேன். அவர் நோட்டில் எழுதுவார், நான் பேசுவேன். தாராவியிலிருந்து அவர் அம்மா தினமும் போன் செய்வார். ஆமாம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. முதல் நாள் நாற்பது நிமிடம் கழித்து அம்மா என்னிடம் சொன்னார்: "எய்யா, இன்னைக்குத்தான் எம்புள்ள நான் பேசுனத முழுசாக் கேட்டுருக்கான். டாக்டர்கிட்ட இன்னும் ரெண்டு நாள் சேத்துக் கேளு."

மாமி புது நோட்டீஸ் ஒட்டினார்: 'இரண்டாம் மாடிக்காரரிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்ல ஆசை வரும்.' ஆறாம் நாள் படியில் என்னை நிறுத்தி, "மோட்டார் சத்தம் இல்லாம எனக்குக் காலம்பர முழிப்பே வரமாட்டேங்கறதுடா," என்றார். எனக்கும்தான் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

எட்டாம் நாள் டாக்டர் அண்ணனின் தொண்டைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். நானும் மாமியும் பக்கத்தில் நின்றோம்.

"ஆறிடுச்சு. மெதுவா பேசிப் பாருங்க."

அண்ணன் பிளாஸ்கைத் திறந்தார். ஒரு மிடறு வெந்நீர். மூடியைத் திருகி மூடினார். பிறகு அதே பழைய குரல், உயராமல், அவசரப்படாமல்:

"ரோட்டைக் கடக்கையில போன் பையில இருக்கணும். திருப்பிச் சொல்லுலே."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எனக்காக மாமி திருப்பிச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். "அவன் சொல்லணும் மாமி."

அவர் இப்போது வேறு ஊர் டவரில் இருக்கிறார். செம்பூர் சிக்னலில் நான் போனைப் பையில் போட்டுவிட்டு அந்த வாக்கியத்தை வாய்விட்டே சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். 'சரிதாம்லே' என்று அவர் சொல்லி முடிக்கும் அளவு நேரம் நின்றுவிட்டுத்தான் கடக்கிறேன்.